திரையில்லாத பக்கத்து ஓட்டை

கேப்டனின் மனைவி உள்ளே வந்தபோது அவள் தோளில் யாரோ துப்பிய எச்சில் இன்னும் காயவில்லை. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

அத்தை எழுந்து ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டாள். கப்பல் விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவள் அவள். உதவிக்கு இருந்தவன் அவளுடைய அண்ணன் மகன். இன்ஷூரன்ஸ் விற்கப் போன இடங்களில் எல்லாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன். தெரிந்தவர்கள் எல்லாரும் ‘அவசரம்’ என்றே அழைத்தார்கள். எச்சிலைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தான்.

“பாறையில கப்பலை மோதி அத்தனை பேரைக் கொன்னுட்டாருன்னு அவரை உள்ள வெச்சிருக்காங்கம்மா. அக்கரையிலிருந்து திரும்பி வரும்போது முன்பக்கம் வண்டி ஏத்துற கதவு பிச்சுக்கிட்டுத் தண்ணி உள்ள வந்துச்சுன்னு அவர் சொல்றாரு. யாரும் காதுல போட்டுக்கல. அந்தக் கதவுப் பூட்டு உடைஞ்சு மாசக்கணக்காச்சு. கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்டிக்கிட்டிருந்தாங்க. அடுத்த வாரம் விசாரணை முடிஞ்சா அவர் வெளியவே வர முடியாது.” அவள் குரல் தேய்ந்தது. “என் தம்பியும் அதே கப்பல்லதான் வேலை பார்த்தான். அவன் இன்னும் கிடைக்கல.”

“கப்பலைப் பத்திச் சொல்லும்மா. நீ அதுல போயிருக்கியா?”

“எத்தனையோ தடவை. ரெண்டு முனையிலயும் கதவு, ரெண்டு முனையிலயும் ஓட்டுற ரூம். அக்கரை போனதும் கப்பலைத் திருப்ப மாட்டாங்க. இவர் அடுத்த முனைக்கு நடந்து போய் அங்கேருந்து ஓட்டிக்கிட்டு வந்துடுவார். போனாலும் வந்தாலும் பாறைத் திட்டைப் பார்த்த பக்கம்தான் வெயில் சுள்ளுன்னு அடிக்கும். அந்தப் பக்க ஜன்னலுக்கு மட்டும் நீலத் திரை தைச்சுக் கொடுத்ததே நான்தான்.”

மறுநாள் கப்பல் முதலாளியின் அறைக்குப் போனார்கள். அத்தர் வாசனை மூக்கைத் துளைத்தது. சாவு விழுந்த கம்பெனி என்று சொன்னால் நம்ப முடியாதபடி மேஜைமேல் புத்தம்புது ரோஜாக்கள். முதலாளி ஒரு போட்டோவை நீட்டினார். கப்பலின் வயிற்றில் உள்பக்கமாக மடங்கிய ஓட்டை. ஓட்டையைத் தவிர வேறு எதுவும் அதில் தெரியவில்லை.

“கப்பலைத் தூக்குற காண்ட்ராக்டர் எடுத்தது. வலது பக்கம். திரும்பி வரும்போது பாறை வலது கைப் பக்கம்தானே? இதுக்கு மேல என்ன வேணும்?”

“கப்பல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா?” என்று அத்தை கேட்டாள்.

“அப்பா விட்டுட்டுப் போன தொழில்மா. நான் அதுல ஏறினதே இல்ல. மீன் கூடையும் வியர்வை நாத்தமும், யாரால முடியும்?” என்று மூக்கைச் சுளித்தார்.

வெளியே வந்ததும் அவசரம் காறித் துப்பினான். “இவன் முகத்துல முழிச்சதுக்குத் தலை முழுகணும் அத்தை. ஆனா ஓட்டை நிஜம்தானே? கேப்டன் பொய் சொல்றாரோ?”

“வாய்க்குக் கொடுக்கிற வேலையைக் கண்ணுக்குக் கொடு, மருமகனே.”

அத்தை தனக்குத் தெரிந்த முக்குளிப்பவரை அனுப்பி, கப்பல் முழுவதையும் படம் எடுக்கச் சொன்னாள். அவர் எடுத்து வந்த படத்தில் கலங்கிய பச்சைத் தண்ணீர் விலக, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் கிடந்தது. மேலே பார்த்திருந்த பக்கத்தில்தான் ஓட்டை. அதற்கு மேல் வரிசையாக மொட்டை ஜன்னல்கள். உள்ளே எல்லாவற்றின் மேலும் சேறு படிந்திருந்தது. அந்தச் சேற்றின் மேலே ஓட்டைக்கு நேர் கீழே சிவப்புப் பெயின்ட் சில்லுகள் பளிச்சென்று கிடந்தன. வண்டி ஏற்றும் கதவில் பூட்டு இல்லை. அறுந்த கயிறுதான் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் செருப்பு கேமராவை உரசிக்கொண்டு போனபோது அவசரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துறைமுக அலுவலகத்தில் விசாரணை அதிகாரி முன்னிலையில் எல்லாரையும் கூட்டினாள் அத்தை. முதலாளி, காண்ட்ராக்டர், கேப்டனின் மனைவி. படத்தைப் போட்டுக் காட்டினாள்.

“ஓட்டை இருக்கிற பக்கத்துல ஜன்னல் திரை எங்கே?” என்றாள்.

“தண்ணி அடிச்சிட்டுப் போயிருக்கும்,” என்றார் முதலாளி.

“திரை மாட்டுற கம்பியுமா? சேத்துல புதைஞ்ச பக்கத்துல உள்ளேருந்து எடுத்த படம் இது. கம்பியும் இருக்கு, நீலத் திரையும் இருக்கு. பாறையைப் பார்த்த பக்கம் அதுதான். போறப்ப இடது பக்கம் இருக்கிற பாறை, வர்றப்ப வலது பக்கம்னு நீங்க கணக்குப் போட்டீங்க. திரும்புற கப்பலுக்கு அது சரி. இந்தக் கப்பல் திரும்பாது; பிளான்ல முன்பக்கம்னு போட்ட முனை எப்பவும் அக்கரையைத்தான் பார்க்கும், அதுக்குப் பாறை எப்பவும் இடது பக்கம்தான். அதுல ஒரு தடவை ஏறியிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.”

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ இந்த ஓட்டை?”

“மூழ்கினதுக்கு அப்புறம் போட்டது. முன்னாடியே விழுந்திருந்தா பெயின்ட் சில்லு சேத்துக்குக் கீழே கிடக்கணும். மேலே கிடக்கு. மேல இருந்து கனமான இரும்பை இறக்கி இடிச்சிருக்காங்க. உடைஞ்ச கதவை மறைக்க ஒரு பாறை தேவைப்பட்டுச்சு.”

காண்ட்ராக்டரின் முகம் வெளிறியது. “அவர்தாங்க போன்ல வலது பக்கம்னு சொன்னார். பிளானைப் பார்த்து வலதுல இடிச்சேன். நான் வெளியூர்க்காரன், எனக்கென்ன தெரியும்?”

கேப்டனை விடுவிக்க அன்றே எழுதுவதாக அதிகாரி சொன்னார். அவசரம் சந்தோஷத்தில் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். அவள் நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஓட்டைக்கு நேர் கீழே வேலைக்காரங்க படுக்கிற ரூம்,” என்றாள் மெதுவாக. “இரும்பை இறக்கும்போது உள்ளேருந்து எல்லாரையும் எடுத்தாச்சா?”

காண்ட்ராக்டர் தலை குனிந்தான். “முதல்ல ஓட்டை, அப்புறம் தேடிக்கலாம்னாரு.”

“செத்தவங்களுக்கு இனிமே வலிக்கவா போகுது?” என்றார் முதலாளி, எரிச்சலோடு.

அவசரம் எழுந்து போய் முதலாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

கேப்டனின் மனைவி எழுந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெளிய வந்ததும் அவர் முதல்ல என் தம்பியைத்தான்மா கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?”