நாலு பிரேக் பேடும் ஒரு பல் டாக்டரும்

டெலிபோன் அலறியது.

காலை பத்து மணி. ஒரு காரின் வயிற்றுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், க்ரீஸ் கையோடு எழுந்து வந்து ரிசீவரை எடுத்தான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் கொதிப்பு. அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண ஃபோட்டோவில்கூட ஃபோட்டோகிராஃபரை முறைத்துக்கொண்டுதான் நிற்கிறான்.

"யாரு?"

"பல் டாக்டர் சம்சாரம் பேசறேண்ணே..." மறுமுனையில் அழுகை. "இறக்கத்துல பிரேக் பிடிக்கலையாம்... மரக்கடை சுவத்துல மோதி... போயிட்டாருண்ணே!"

ரிசீவர் நழுவியது.

டாக்டரின் கார் முப்பது வருஷப் பழசு. நாலு நாளைக்கு முன்னால் அதன் முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேடு மாட்டியது...

சாட்சாத் கொதிப்பேதான்!

அவன் நிமிர்வதற்குள் வாசலில்...

டமார்!

போலீஸ் ஜீப். கேட் ஓரம் கிடந்த காலி ஆயில் டிரம்மை இடித்துவிட்டுத்தான் நின்றது.

பெண் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே பாய்ந்து வந்தான் டாக்டரின் தம்பி. ஊரிலேயே பெரிய ஸ்பேர்பார்ட்ஸ் கடை அவனுடையது.

"இவன்தான் மேடம்! எங்கண்ணனைக் கொன்ன பாவி!"

"யாரைப் பாத்துடா சொல்ற?" கொதிப்பின் கையில் ஸ்பேனர் ஏறியிருந்தது.

"அதைக் கீழ வைங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நட்டு கழட்டறதுக்கு மேடம்!"

"அவர் உடம்புல நட்டு எதுவும் இல்ல. வைங்க!"

அண்ணன் காரில் கிடந்ததாக ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தம்பி ஆட்டினான். "கம்பெனி ஒரிஜினல் பேடு! சீல் பிரிக்காம எங்கண்ணன் கையில குடுத்தேன். அதை அமுக்கிட்டு, குப்பையை மாட்டி அனுப்பியிருக்கான் இந்தத் திருடன்!"

இன்ஸ்பெக்டர் ஒரு பையை மேஜைமேல் கவிழ்த்தார். நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய பேடுகள். வெயிலில் காய்ந்த களிமண் மாதிரி விண்டு போயிருந்தன.

"இதை மாட்டினது நீங்களா? யோசிச்சு பதில் சொல்லுங்க. தப்பா இருந்தா இப்பவே கைது!"

கொதிப்பு ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினான். கறுப்பு மாவாக உதிர்ந்தது. அவன் கண்கள் சிவந்தன.

"இதையா நான் மாட்டுவேன்? மூணு வாரம் நாயா அலைஞ்சேன் மேடம்! பழைய வண்டி. கல்லு மாதிரி பேடு போட்டா சக்கரத்து டிஸ்க்கைத் தின்னுடும். மெத்துனு போட்டா இறக்கத்துல சூடேறி வழுக்கும். தடிமன் அளந்து, நம்பர் பாத்து, வெளிக் கம்பெனி சரக்கா ரெண்டு செட் எடுத்து வச்சேன். அந்த மனுஷன் இதே ஸ்டூல்ல உக்காந்து, பல்லு பாக்கற குட்டிக் கண்ணாடியை வச்சு ரெண்டையும் சோதிச்சார். 'இது சொத்தை... அது நல்ல பல்லு'ன்னார். நல்ல பல்லைத்தான் மாட்டினேன்!"

"ஏன் வெளிக் கம்பெனி? ஒரிஜினல் கிடைக்கலையா?"

"எப்படிக் கிடைக்கும்? இந்த மாடலுக்கு பேடு செய்யறதைக் கம்பெனி நிறுத்தி பதினோரு வருஷம் ஆச்சு! அந்தப் பெட்டியில தேதியைப் படிங்க."

இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பிடுங்கித் திருப்பினார். "தயாரிப்பு... போன மாசம்!"

தம்பியின் நெற்றி வியர்த்தது. "அது... பழைய ஸ்டாக் மேடம்..."

"போன மாசத்துப் பழைய ஸ்டாக்கா?"

"சரி, எனக்கு சப்ளை பண்ணவன் ஏமாத்தியிருப்பான்! ஆனா மாட்டினது இவன்தானே?"

"வாயை மூடுடா!" கொதிப்பு கத்தியதில் கூரைத் தகரம் அதிர்ந்தது. "பேடு ஓரம் கூர்மையா இருந்தா கீச்சுனு கத்தும், அரத்தால ராவணும்னு சொன்னேன். 'ராவறது என் தொழில்யா'ன்னு நாலையும் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனார். பல்லு ராவற மெஷின்ல ராவி, பாலிஷ் வேற போட்டுக் கொண்டாந்தார்! நாலும் கடைவாய்ப் பல்லு மாதிரி மினுங்கிச்சு. உலகத்துலயே அப்படி நாலுதான் இருக்கு மேடம். அது எங்க?"

"இருந்தாத்தானே! கதை விடறான்!"

இன்ஸ்பெக்டரின் செல்போன் ஒலித்தது. கேட்டார். புருவம் ஏறியது.

"நாலா? ...என்னது, பாலிஷா?"

போனை அணைத்தார். குரலில் மரியாதை கழன்றிருந்தது.

"உன் கடையைச் சோதனை போட ஆள் அனுப்பியிருந்தேன். பேடு விக்கறாங்களா, பல் செட் விக்கறாங்களான்னு கான்ஸ்டபிள் கேக்கறார். ஷோகேஸ்லயே வச்சிருக்கியே... விலைச்சீட்டு ஒட்டி!"

அண்ணனைக் கொல்லக் கூசாதவனுக்கு, நல்ல சரக்கைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. வியாபார ரத்தம்!

"நீ போலிப் பெட்டி அச்சடிக்கறதை உங்கண்ணன் கண்டுபிடிச்சிட்டார். போலீசுக்குப் போவேன்னு உன்னை எச்சரிச்சிருக்கார். அவரோட லெட்டர் நேத்தே எனக்கு வந்தாச்சு. அது தெரியாம, அவர் வாயை அடைக்க ராத்திரியோட ராத்திரியா பேடை மாத்தியிருக்க."

கொதிப்பு பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "கூடப் பொறந்தவனைக் கொன்னுட்டு பழியை என் தலையில கட்டறியா? எத்தனை பேர் வீட்டு வண்டியிலடா இந்த மாவை மாட்டியிருக்க?"

சட்டை கிழிந்தது. தம்பி உதறிக்கொண்டு ஓடினான். வாசலில் ஜீப். அதில் சாவி! ஒரே தாவல்... ஜீப் உறுமிக்கொண்டு அதே இறக்கத்தில் பறந்தது.

"மேடம்! தப்பிச்சுப் போறான்!"

இன்ஸ்பெக்டர் டாக்டரின் ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"போகட்டும். கீழ ரோட்டைக் காலையிலயே அடைச்சாச்சு, ஒரு ஈ காக்கா கிடையாது. அந்த ஜீப்புக்குப் போன வாரம்தான் புது பிரேக் போட்டோம். அதுலேர்ந்து நாங்களே ரெண்டாவது கியரைத் தாண்டறதில்ல."

"சரக்கு எந்தக் கடை மேடம்?"

கீழே, மரக்கடைப் பக்கமிருந்து...

டமார்!!

"அவன் கடைதான். ஒரிஜினல்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணான்!"