மின்னியின் விரிப்பு

கட்டில் விரிப்பில் மறுபடியும் குழி விழுந்திருந்தது.

முந்தின நாள் அருங்காட்சியகத்தைச் சாத்துவதற்கு முன் தெல்மா அதைத் தன் கையால் இழுத்துச் செருகி, உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். லினன் துணி மாமியார் மாதிரி, ஒரு மடிப்பு விழுந்தால் லேசில் மறக்காது என்பது கில்பான் ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். இப்போது தலைமாட்டில் சின்னதாக ஒரு பள்ளம், அதற்குக் கீழே தோள் அகலத்துக்கு ஒரு பள்ளம், இடுப்பிலிருந்து கால் வரை மெல்லிய சுருக்கங்கள். யாரோ மல்லாந்து படுத்திருந்துவிட்டு எழுந்துபோன மாதிரி இருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். பள்ளத்தில் மட்டும் துணி ஈரமாக இருந்தது.

கொதிகலனையும் கதவுகளையும் பார்த்துக்கொள்ளும் வெஸ்லியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கதவோரத்தில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"பூனையா இருக்கும்மா. அதுக்கும் நல்ல லினன்ல படுக்கணும்னு ஆசை இருக்காதா?"

"அஞ்சடிப் பூனை எந்த ஊர்ல இருக்கு வெஸ்லி?"

அவர் சிரித்தார். ஆனால் அறைக்குள் வரவில்லை. கூரை ஒழுகுதான்னு பார்க்கிறேன் என்று முனகிக்கொண்டே கீழே இறங்கிப் போனார். கூரை ஒழுகவில்லை. அண்ணாந்து பார்த்தாலே தெரியும், உத்தரம் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

பழைய நூற்பாலையின் துணிக்கிடங்குதான் இப்போது அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் நூற்பு எந்திரமும் தறிகளும் ஊரின் பழைய படங்களும் இருந்தன. மேல்தளத்தில் இந்த இலையுதிர் காலத்தில் புதிதாகத் திறந்த அறைக்கு 'சாவு வீடு' என்று பெயர். இரும்புக் கட்டில், உயிர் போன நேரத்தில் நிறுத்தி வைத்த கடிகாரம், துணி போட்டு மூடிய கண்ணாடி, துக்கத்துக்கு வருபவர்களுக்கு மூக்குப்பொடி வைத்த தட்டு, கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி. பொம்மைப் பிணம் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் பயந்துபோகும் என்று அருங்காட்சியகக் குழுவினர் சொன்னதால் கட்டில் மட்டும் காலியாக இருந்தது. விரிப்பு தெல்மாவின் அம்மாவுடையது.

அம்மா மின்னி இந்த ஆலையில்தான் வெந்நீர்த் தொட்டிகளுக்கு நடுவே வெறுங்காலில் நின்று நூல் நூற்றாள். கல்யாணத்துக்கு வாங்கிய அந்த லினன் விரிப்பில் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை. இந்த ஊரில் நல்ல விரிப்பில் தூங்கியவர்கள் குறைவு, நல்ல விரிப்பில் கிடத்தப்பட்டவர்கள்தான் அதிகம். பெட்டியின் அடியில் லாவெண்டர் போட்டு, கடைசி விரிப்பு என்று தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். அது இல்லாத வீட்டில் சாவு விழுந்தால் மின்னியின் கதவைத் தட்டுவார்கள். அவள் எந்த மதம், எந்தத் தேவாலயம் என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பாள். காரியம் முடிந்து திரும்பி வந்ததும் துவைத்து, புல்லில் போட்டு வெளுத்து, மறுபடி உள்ளே வைப்பாள். "பாதித் தெரு என் விரிப்புலதான் போய்ச் சேந்துச்சு. என் முறை வரப்ப நான் யார்கிட்டயும் கடன் கேக்க வேண்டியதில்ல" என்று பெருமையாகச் சொல்வாள்.

அவள் முறை வந்தது கொள்ளைநோய் வந்த வசந்தத்தில். முதியோர் இல்லத்துக்குள் யாரையும் விடவில்லை. தெல்மா வெளியே செடிகளுக்கு நடுவே நின்று, திறக்க முடியாத ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். பக்கத்து அறையில் எர்னி என்ற கிழவர் இருந்தார், பேருந்து ஓட்டியவர். மின்னி தூங்கும் நாட்களில் அவர் தன் ஜன்னலுக்கு வந்து, இரண்டு விரலை நெற்றியில் தொட்டு, அப்படியே தெல்மாவை நோக்கி ஆட்டுவார். ஓட்டுநர்கள் எதிர்ப்பேருந்துக்கு வைக்கும் சலாம். உங்கம்மா நல்லாயிருக்கா, நீ வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அவரும் போய்விட்டார், மின்னிக்கு முன்னாலேயே. அந்த நடைவழியில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள்.

சவப்பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். திறக்கக் கூடாது, தொடக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தெல்மா கல்லறை வாசலில் மழையில் நின்றாள். பாதித் தெருவைக் கிடத்திய துணி, அதற்கு உரியவளுக்குக் கிடைக்கவில்லை. அதை அலமாரியில் வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. அதனால்தான் அருங்காட்சியகக் குழு பொருள் கேட்டபோது கொண்டுவந்து கொடுத்தாள். நாலு பேராவது பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

கொடுத்ததோடு நிற்காமல், ஒன்றும் குறையாமல் முறைப்படி செய்தாள். கடிகாரத்தை நிறுத்தியது, கண்ணாடியை மூடியது எல்லாம் அவள்தான். பிள்ளைகளிடம் அந்த நாற்காலியைக் காட்டிச் சொல்வாள்: பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை செத்தவரை ஒரு நொடிகூடத் தனியாக விடக் கூடாது. நாற்காலியில் இருப்பவர் எழுந்திருக்க வேண்டுமென்றால் இன்னொருவர் வந்து உட்கார வேண்டும்.

மதியம் கிளாஸ்கோவில் இருக்கும் அக்கா ஐரிஸுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பாள், திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். ஐரிஸ் கேள்விதான் கேட்டாள்.

"கடிகாரத்த நிறுத்தினியா?"

"ஆமா."

"கண்ணாடிய மூடினியா? நாற்காலி போட்டியா?"

"போட்டேன் அக்கா."

"எல்லாத்தையும் செஞ்சுட்டு, சாயந்தரமானா லைட்ட அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிடுற."

"அக்கா, அது சும்மா காட்சிக்கு வச்சது."

"அம்மாவுக்கு அது எப்படித் தெரியும் தெல்மா?"

தெல்மா தொலைபேசியை வைத்துவிட்டு அழுதாள். பயத்தில் இல்லை. கூப்பிட்டு வரவழைத்து, வந்தவளை இருட்டில் தனியாகப் போட்டுவிட்டு, தினமும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். இல்லத்தில் நடந்ததையே இங்கேயும் செய்திருக்கிறாள்.

டிசம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மழைக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. தெல்மா மேலே போய், விரிப்பை நீவிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே வெஸ்லியின் வானொலி மெலிதாகப் பாடிக்கொண்டிருந்தது, குழாய்களுக்குள் வெந்நீர் கடகடவென்று ஓடி அடங்கியது, ஆற்றுப் பக்கத்து ஜன்னலில் மழை விரல் நுனியால் தட்டுவதுபோல் விட்டுவிட்டுத் தட்டியது. அப்புறம் அந்த வாடை வந்தது. லினனுக்கு நார் எடுக்க ஆளிச் செடியைக் குட்டையில் ஊறப்போட்டு அழுக வைக்கும்போது ஊரையே தூக்கும் நாற்றம், அழுகலும் இனிப்புமாக, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் நாற்றம். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது முகர்ந்தது. ஆளி விளைந்த வயல் ஒன்றுகூட இப்போது கில்பானில் இல்லை.

விரிப்பு அசைந்தது. முதலில் தலைமாட்டில். மெதுவாக, மாவில் கட்டை விரலை அழுத்தினால் இறங்குவதுபோல் துணி உள்ளே இறங்கியது. பிறகு தோள். பிறகு இடுப்பு. கட்டிலின் கம்பிகள் எடையை வாங்கிக்கொண்டு முனகின. ஈரம் பள்ளத்தின் ஓரங்களில் பரவியது.

தெல்மாவுக்கு ஓடிவிடத் தோன்றியது. இருந்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நான்தான். வந்துட்டேன். அன்னைக்கு என்னை உள்ள விடலம்மா. கதவ உடைச்சுட்டாவது வந்திருக்கணும். வரல."

வெறும் துணிமேல் கையை வைத்தாள். துணிக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, ஈரமான விரல்கள் அவள் கையை மூடின. வெந்நீரில் ஊறி ஊறித் தோல் சுருங்கிய விரல்கள். அந்தச் சொரசொரப்பு அவளுக்குத் தெரியும். பயமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்து அழுதாளோ, வானொலி நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"கெளம்பறேன்மா!" படிக்கட்டின் அடியிலிருந்து வெஸ்லியின் குரல். "வாசக் கதவ நீங்களே பூட்டிக்கிறீங்களா?"

"வெஸ்லி, ஒரு நிமிஷம் மேல வாங்க. இங்க கொஞ்சம் உக்காருங்க."

"வெஸ்லி" என்று மறுபடி கூப்பிட்டாள். கதவு சாத்தும் சத்தம். மழைக்குள் கார் கிளம்பிப் போகும் சத்தம்.

கையைப் பிடித்திருந்த விரல்கள் விலகின. கட்டில் கம்பி நிமிர்ந்தது. பள்ளம் மேலே எழுந்து சமமானது. பிறகு யாரும் தொடாமலே விரிப்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவப்பட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. ஓரம் மெத்தைக்கடியில் செருகப்பட்டது. மின்னி அப்படித்தான் செய்வாள். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் முன் அப்படித்தான் செய்வாள்.

முடிந்துவிட்டது, அம்மா நிம்மதியாகப் போய்விட்டாள் என்று தெல்மா நினைத்தாள். மூச்சு வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. ஈரக் கை. சின்ன வயதில் தேவாலயத்தில் அவள் நெளியும்போது அம்மா அழுத்துவாளே, அதே அழுத்தல். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே நடைவழியில் காலடி. வெறுங்கால். ஈரக்கால். ஒன்றல்ல.

கதவு திறந்தது.

எர்னி நின்றார். இல்லத்துப் பைஜாமா. கழுத்துவரை பிணம் பொதியும் பிளாஸ்டிக் உறை, ஜிப் பாதி திறந்து தொங்கியது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு விரலை நெற்றியில் தொட்டு, அவளை நோக்கி ஆட்டினார். பிறகு தலையைக் குனிந்து, வாசலில் நின்று அனுமதி கேட்கும் அயலார்போல், தெல்மாவின் தோளுக்கு மேலே பார்த்தார்.

அங்கிருந்து ஈரத் துணியின் சலசலப்பு. அம்மா தலையசைத்திருக்க வேண்டும்.

எர்னி கட்டிலில் ஏறிப் படுத்தார். விரிப்பு குழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை மேலே பார்த்தபடி தெல்மாவிடம் நீட்டினார்.

அவள் பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள். அந்த மனிதருக்கும் யாரும் இருக்கவில்லை.

திறந்த கதவு வழியாகப் படிக்கட்டு தெரிந்தது. பிளாஸ்டிக் உரசும் சத்தம். ஒவ்வொரு படியிலும், அந்த வசந்தத்தில் விரிப்பில்லாமல் போனவர்களில் ஒருவர், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, முண்டியடிக்காமல், பொறுமையாக. கீழே தறிகளுக்கு நடுவிலும் நின்றார்கள். வாசல் கதவு திறந்திருந்தது. மழையில், தெரு முனை வரை, நின்றார்கள். வரிசையின் தலையில் இருந்த கிழவி ஒரு படி மேலே வந்து, தெல்மாவைப் பார்த்து, நன்றியோடு சிரித்தாள்.

தோளில் இருந்த கை எடுக்கப்படவில்லை.