தண்ணீர் கட்டிய தரை

மயிலாப்பூரில் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது ஃப்ளோரன்ஸ் டீச்சரோடு வந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மாதா படம், அப்புறம் சீசர். சீசர் என்றால் நாய். மகன் காஸ்பர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனபோது, "நான் வர்ற வரைக்கும் இவனைப் பாத்துக்கம்மா" என்று கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன நாய். காஸ்பரின் கடிதம் நின்று பல மாதம் ஆகிவிட்டது. நாய் உயிரோடு இருக்கும் வரை பையனும் உயிரோடு இருப்பான் என்று அவள் மனசில் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. அசட்டு எண்ணம்தான். பெற்றவளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்களேன்!

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று போன வருஷம் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதல்லவா? அதற்குப் பிறகு இரண்டு குடித்தனம் வந்து, வந்த வேகத்தில் காலி செய்துவிட்டுப் போன வீடு அது. வாடகை குறைவு. ஏன் குறைவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமோ? கேட்கவில்லை.

கூடத்தில் பழைய செங்கல் தரை. தினமும் விடிந்து பார்த்தால் நட்ட நடுவில் ஈரம். மூத்திர வாடை மூக்கைத் துளைத்தது. ஃப்ளோரன்ஸ் வேப்பிலை போட்டுக் கழுவினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சாம்பிராணி போட்டாள். வாடை அசையவில்லை. சீசரைத் திட்டினால் அது காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒண்டியது.

வீட்டுக்காரர் சிதம்பரநாதன் வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே அவர் கால் வைத்து அவள் பார்த்ததில்லை.

"வாயில்லா ஜீவன்னு நானும் பொறுத்துப் பாத்தேன் டீச்சரம்மா. ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும்."

"செங்கல் தரை சார், உறிஞ்சி வச்சிக்குது. என் செலவுலயே வேற தரை போட்டுடறேன். அதுக்கப்புறமும் வாடை வந்தா நீங்க சொல்றபடி கேக்குறேன்."

கொத்தனார் வேலு தரையில் குனிந்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"செங்கல்லு குடிச்சிடும்மா. ஒரு தபா குடிச்சா அவ்ளோதான். இன்னா கழுவினாலும் மழை நாள்ல கக்கிடும்."

"கடப்பைக் கல் போட்டா?"

"கல்லு குடிக்காது. ரெண்டு கல்லுக்கு நடுவுல இண்டு கீதே, அது குடிச்சிடும். சிமிட்டில காவி கலந்து ஒரே பாளமா இழைச்சித் தர்றேன். நாயி இன்னா பண்ணாலும் மேலயே நிக்கும், துணியால வழிச்சிப் போட்டுடலாம்."

யுத்த காலத்தில் சிமிட்டியை எங்கே பிடித்தானோ, பிடித்துவிட்டான். ஈரத் தரையில் சீசர் கால் வைத்துவிடக் கூடாதே! தரை காயும் வரை தங்கள் குடிசையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள் வேலுவின் பெண்சாதி பாஞ்சாலி. அடையாற்றங்கரையில் குடிசை. கிளம்பும் முன் ஃப்ளோரன்ஸ் சட்டியில் தண்ணீர் வைத்தாள். சீசர் குடிக்கும்போது தண்ணீர் மூக்கில் ஏறி நடுவில் ஒரு தும்மல் போடும். குட்டியிலிருந்தே அப்படி.

"மெல்லடா," என்றாள் வழக்கம்போல. பாஞ்சாலி கயிற்றைப் பிடித்து இழுத்தபோது அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

சிவப்புத் தரை கண்ணாடிபோல் அமைந்தது. இறுகியதும் வேலு ஓரத்தில் களிமண் வரப்பு கட்டி, விரல்கணு ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தினான். "ஒரு வாரம் தண்ணி கட்டுனாத்தான் கெட்டியாவும். கொறைய வுடாதீங்க."

காலையில் தண்ணீரைக் காணோம்.

சொட்டு இல்லை. வறண்ட தரையின் நடுவில் மட்டும் ஈரம். மஞ்சளாக. அதே வாடை.

சீசர்தான் வீட்டில் இல்லையே!

"தரை குடிச்சிருக்கும்மா," என்றான் வேலு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அந்த மஞ்சள்?"

"பூனை கீனை வந்திருக்கும்." மறுபடி நிறைத்துவிட்டு, பூசுகிற கரணையைக்கூட எடுக்க மறந்து போய்விட்டான்.

பொழுது சாயும் நேரம் அடுப்படியில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சத்தம்.

சளப். சளப். சளப்.

"சீசர்?"

சத்தம் நின்றது.

பிறகு மறுபடியும், அவசர அவசரமாக. ஃப்ளோரன்ஸ் எட்டிப் பார்த்தாள். கூடத்தில் ஒருவரும் இல்லை. தண்ணீரில் ஓர் இடம் மட்டும் குழிந்து குழிந்து அலை விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரோரம் ஈரம் வற்றிப் பின்வாங்கியது. தரையில் ஒரு சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது.

"மாதாவே!" என்று கொல்லை வழியாக ஓடி, பக்கத்து வீட்டு அன்வரி பேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்வரி பேகம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "குண்டு வருதுன்னு ஊரே ஓடிச்சே, அப்ப அந்த வீட்டுல இருந்தவங்க கூடத்துல நாயைச் சங்கிலில கட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாள்ல வந்துடுவோம்னு ஒரு சட்டி தண்ணி மட்டும் வச்சாங்களாம். வந்தது மூணு மாசம் கழிச்சி. நாங்களும் ஊர்ல இல்லம்மா. தெருவுலயே ஆளில்ல. ஒருத்தராவது இருந்திருந்தா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்! ஃப்ளோரன்ஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்ப எங்க சீசர் இல்ல. அவன் ஒண்ணுமே பண்ணல! இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

தெருவுக்கு வந்தாள். எதிரே பாஞ்சாலி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"கயித்தைக் கடிச்சி அறுத்துக்கினு ஓடிட்டுதும்மா! உங்க வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்துச்சி. லஸ் முனையாண்ட நாய் வண்டிக்காரன் புடிச்சிப் போட்டுக்கினு போய்ட்டான்!"

தெரு நாய்களை அடைத்துக் கொல்லும் கொட்டடிக்குக் குதிரை வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏகப்பட்ட குரைப்பு. அதில் எது அவளுடையது?

"அது என் பையனோட நாய்ப்பா. உன் கால்ல விழறேன், கதவைத் தொற."

"சாவி என்னாண்ட இல்ல. இன்னிக்கு ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்றான் காவல்காரன். "காலைல வந்து அடையாளம் காட்டி இட்டுக்கினு போ."

அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். வேறு எதைப் பிடிப்பாள், பாவம்?

தரை வறண்டு கிடந்தது. அவளுக்கு இப்போது பயம் விட்டுப்போயிருந்தது. தவித்த வாய்க்குத் தண்ணீர் கேட்கிற ஜீவன்தானே! குடம் குடமாகக் கொண்டுவந்து வரப்புக்குள் ஊற்றிவிட்டு, சிம்னி விளக்கோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள்.

"குடிடா. வயிறாரக் குடி. காலைல எங்க சீசரும் வந்துடுவான்."

சளப். சளப்.

சங்கிலி மெல்ல அசைந்தது. அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். மாதா கோயில் மணி அடித்ததும் கிளம்பிவிட வேண்டும்.

தெருக்கதவுப் பக்கம் இன்னொரு சத்தம்.

சளப். சளப். சளப்.

அங்கேயும் தண்ணீர் மட்டும்தான் குழிந்தது. இதில் சங்கிலி இல்லை. அறுந்த கயிறு ஒன்று ஈரத்தில் இழுபட்டது.

சத்தம் பாதியில் நின்றது. ஒரு தும்மல்.

"மெல்லடா," என்று பழக்கத்தில் அவள் வாய் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"காஸ்பர்!" என்று அலறினாள்.