தொடாமல் இருந்த விரல்

அக்கா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மதிய வெயில் கூடம்வரை வந்து, அதற்குமேல் உள்ளே போகாமல் நின்றிருந்தது. அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் எட்டத்தில், ஜன்னல் கட்டைமேல் குப்புறக் கிடந்தது.

"அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போயிடும்மா" என்றார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

அக்கா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் சாமானைத் துரத்துகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டேன். போனில் மணி அடிக்கிறதாம். அக்கா கூப்பிடும் மணி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் தையல் கடை வைத்திருப்பவள். பேய் பிசாசெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு என்பது அன்றுவரை என் கட்சி.

எங்கள் குடும்பத்து நோயை இங்கே சொல்லியாக வேண்டும். அது விரலில்தான் தொடங்கும். ஊசி நழுவும், பொத்தான் போட வராது. பிறகு கை, கால், கழுத்து என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். அறிவை மட்டும் கடைசிவரை தொடாது, பாழாய்ப்போன நோய். அம்மாவைக் கொண்டுபோனது, பிறகு அக்காவைப் பிடித்தது. எனக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசியில் அக்காவுக்கு மிஞ்சியது வலதுகைச் சுட்டுவிரல் ஒன்றுதான். கட்டில் ஓரத்தில் ஒரு பலகை வைத்து, அதில் மவுஸை ஒட்டி, எதிரே கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு விரலால் படம் பார்ப்பாள். எழுத்து எழுத்தாக அழுத்தி எனக்கு வம்பு எழுதுவாள். விரலை அழுத்தியே பிடித்திருந்தால் அத்தான் போனில் மணி அடிக்கும். தண்ணீர் வேண்டும், முதுகு அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது, எல்லாவற்றுக்கும் அந்த மணிதான்.

ஒருநாள் அக்கா நீளமாக எழுதினாள். உலகம் முழுக்க வீடுகளில் கம்ப்யூட்டர்கள் சும்மா கிடக்கின்றனவாம். அந்தச் சும்மா நேரத்தை விஞ்ஞானிகளுக்கு இரவல் கொடுத்தால் பெரிய கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்புவார்களாம். நம் நோய்க்கே அப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, அத்தான் அதில் சேர்த்துவிட்டார் என்றாள். ஒரே நிபந்தனை, மவுஸைத் தொடக்கூடாது. தொட்டால் வேலை நின்றுவிடும்.

"எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லையடி. உனக்கு வருவதற்குள் மருந்து வந்துவிட வேண்டும். அதனால் இனி எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே." அதுதான் அவள் எனக்கு எழுதிய கடைசி வரி.

அதைப் படித்து அழுதுவிட்டு, நானும் என் கடைக் கம்ப்யூட்டரை அந்த ஆராய்ச்சியில் சேர்த்தேன். அதனால்தான் அது எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் துணி வெட்டப் போனதும் ஸ்கிரீனில் வண்ண மணிகள் கோத்த சிக்குநூல் ஒன்று சுழல ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ஃபேன் தையல் மிஷினுக்குப் போட்டியாக இரையும். பெட்டியைத் தொட்டால் சுடும்.

அக்கா அறையில் தைல வாடை இன்னும் போகவில்லை. கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எதிரே ஸ்கிரீனில் அதே வண்ணச் சிக்கு சுழன்றுகொண்டிருந்தது.

ஆனால் சத்தமே இல்லை.

பெட்டியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். இன்டர்நெட் ஒயரையே செருகவில்லை. நின்று ஸ்கிரீனைப் பார்த்தேன். ஒரு சிவப்பு மணி மேலே வந்து, திரும்பி, மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அதே சிவப்பு மணி, அதே இடத்தில், அதே மாதிரி. அது கணக்குப் போடவில்லை. யாரோ பிடித்துவைத்த வெறும் படம், திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

அத்தானைக் கூப்பிட்டேன். அவர் வாசற்படியிலேயே நின்றார். நான் கேட்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ராத்திரி பகல்னு மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்மா" என்றார் தரையைப் பார்த்து. "ஒரு மதியமாவது தூங்கணும்னு நெனச்சேன். நெசமா சேத்தா அந்த ஃபேன் இரைச்சலே தூங்க விடாது. ஒரு கம்ப்யூட்டர் சேந்து என்ன ஆயிடப்போகுது?"

அவள் கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. தாகம் எடுத்தும், மூச்சு முட்டியும், தங்கச்சிக்கு மருந்து வரும் என்று விரலை மவுஸில் படாமல் வைத்திருந்தாளே, அது இந்த மனுஷர் குறட்டைவிட. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். பார்த்துக்கொண்டவர் அவர்தான், அலுத்திருப்பார், அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

"அவ போன அன்னைக்கு அவ விரல் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அத்தான் சுருட்டிய மெத்தையைப் பார்த்தார்.

"மவுஸுக்கு மேல. தொடாம, தூக்கியே பிடிச்சிருந்தா. அப்படியே விறைச்சிருந்துச்சு."

அப்போது கூடத்தில் மணி அடித்தது.

கடைக் கதவில் கட்டும் சின்ன மணியின் ஓசை. போன் ஜன்னல் கட்டைமேல் அதிர்ந்து நகரும் சத்தமும் கேட்டது. நான் பலகையைப் பார்த்தேன். மவுஸ் அங்கே இல்லை. அது ஒயர் சுற்றி அலமாரியில் கிடந்தது.

நான் விடவில்லை. அக்கா ஆசைப்பட்டதை இப்போதாவது நிஜமாக்கலாம் என்று இன்டர்நெட் ஒயரைச் செருகி, மவுஸையும் எடுத்து மாட்டி, அந்தப் பொய்ப் படத்தை அழித்துவிட்டு, உண்மையான ஆராய்ச்சியில் கம்ப்யூட்டரைச் சேர்த்தேன். மவுஸை மறுபடி கழற்றி அலமாரியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்று காதைக் கொடுத்தோம். ஃபேன் இரைய வேண்டும்.

இரையவில்லை.

திறந்து பார்த்தேன். ஸ்கிரீனில் ஒரே வரி. கம்ப்யூட்டரை யாரோ உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கையை எடுத்ததும் வேலை தொடங்கும்.

தைல வாடை இப்போதுதான் தேய்த்ததுபோல் முகத்தில் அடித்தது.

"அக்கா" என்றேன். "இது நெசம்கா. விரலை எடு."

கூடத்தில் மணி அடித்தது.

அவள் நம்பவில்லை. இந்த வீட்டில் சொல்லும் எதையும் அவள் இனி நம்ப மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அத்தானைத் திரும்பிப் பார்த்தேன்.

"கூப்பிடுறா. போங்க."

அவர் போனார். நான் படியிறங்கும்போது, அந்த வெறும் கட்டிலுக்குமுன் நின்று, "என்னம்மா வேணும்? என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை நான் எடுத்துவரவில்லை. அது அவருக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கடையைத் திறந்ததும் என் கம்ப்யூட்டரைப் போட்டேன். சிக்குநூல் சுழன்றது, ஃபேன் இரைந்தது. அந்த இரைச்சலைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அங்கே பொய்யென்றால் என்ன, இங்கே நிஜமாக ஓடுகிறதே, அக்கா பேரில் இது ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டு, பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன்.

மதியம் தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்திருந்தது. ஃபேன் சட்டென்று நின்றது.

நிமிர்ந்தேன். ஸ்கிரீனில் அதே வரி. யாரோ உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடையில் நான் ஒருத்திதான். என் கையில் ஊசி.

மவுஸின் இடதுபக்கப் பொத்தான் உள்ளே அழுந்தியிருந்தது. ஒரு விரல் கனத்துக்கு. தைல வாடை மெல்ல எழுந்தது.

"அக்கா, இது பொய்யில்ல. உனக்காகத்தான் போட்டேன். விடுக்கா, வேலை ஓடட்டும்" என்று கெஞ்சினேன். அத்தான் சொன்ன ஒரு பொய்யில் என் நிஜமும் செத்துப்போனதே என்று ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

ஊசி கீழே விழுந்தது.

பதற்றத்தில் நழுவிவிட்டது என்று குனிந்து எடுத்தேன். மறுபடியும் விழுந்தது.

அதை அப்படியே விட்டுவிட்டு, வலதுகையை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தேன். எல்லாம் மடங்கின. சுட்டுவிரல் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

மேசையின் அந்தக் கோடியில் மவுஸ் பொத்தான் அழுந்தியே இருந்தது. அக்கா அப்படித்தான் ஆளைக் கூப்பிடுவாள்.