கதவு திறக்கவே இல்லை

இரவு 8.15.

ஆம்புலன்ஸ் உதவியாளர் உள்ளே நுழைந்தபோது வீட்டில் மூன்று பேர் இருப்பதாக நினைத்தார். தரையில் ஒரு பெண். அவள் தலையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்த கணவர். மேசை மேல் லேப்டாப்பில், திறந்த கதவருகே பனியனோடு நின்ற ஒரு ஆள்.

"சார், கொஞ்சம் கட் பண்ணுங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்தார். நாடி இல்லை.

அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தவள். மேசை நிறைய, பல் செட்டுக்காக அச்செடுத்த சுண்ணாம்புத் தாடைகள். எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. மேசையின் ஒரு மூலைக்கு இரும்புப் பட்டை அடித்திருந்தது. அதில் ரத்தம்.

இன்ஸ்பெக்டர் வரும்போது ஒன்பதாகியிருந்தது. நடுத்தர வயதுப் பெண். அதிகம் பேசமாட்டார். இறந்தவளின் தலையில் பின்பக்கம் அடி. வலது மணிக்கட்டில் கன்றிய விரல் தடம். லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏசி இருக்கு. உடம்புச் சூட்டை வெச்சு நேரத்தைக் கறாரா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "அஞ்சுக்கும் எட்டுக்கும் நடுவுல. விழுந்தப்புறம் ஒரு அரைமணி நேரம் உயிர் இருந்திருக்கலாம். அதுக்கு மேல இல்லை."

கணவர் பஸ் டிரைவர். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஏழே முக்கால் தாண்டி."

"வழக்கமா?"

"பத்தாகும். இன்னைக்கு ஷிஃப்ட் மாத்திக்கிட்டேன். அவகிட்ட சொல்லலை."

"ஏன்?"

"நாலாம் பாகம் வந்திருக்கு."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. கணவர் மெதுவாகச் சொன்னார்.

'அறிமுகம் ஆகலாமா' என்று ஒரு படக்கதை விளையாட்டு. சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்தவர் நீங்கள். பாகத்துக்கு ஒருவராகச் சிநேகம் பிடிக்க வேண்டும். படம் வரும், வசனம் வரும், நடுநடுவே இரண்டு மூன்று பதில்கள் வரும். எதை அழுத்துகிறீர்களோ கதை அந்தப் பக்கம் போகும். முழுக்க நையாண்டி.

"பதில் கேட்டா நிறுத்திடுவா. நான் வந்தப்புறம் சேர்ந்து அழுத்துவோம். மூணு பாகமும் அப்படித்தான்."

வண்டிகள் நுழையும் கேட்டில் இருந்த கேமரா அவர் நுழைந்ததை 7.48 என்று காட்டியது. நடந்து வருபவர்களின் வழியில் கேமரா இல்லை. ஆம்புலன்ஸுக்கு அழைத்தது 8.02.

"நடுவுல என்ன பண்ணினீங்க?"

"கதவைத் தட்டிட்டு நின்னேன்."

"சாவி?"

"கையில இருந்துச்சு."

"சாவியைக் கையில வெச்சுக்கிட்டு வெளிய நின்னீங்களா?"

"அவதான் திறப்பா. திறந்துவிடுறது அவளுக்குப் பிடிக்கும். குளிக்கிறாளோன்னு நின்னேன்."

எதிர் வீடு காலி. அவர் நின்றதைப் பார்த்தவர் யாருமில்லை.

அவளுடைய அண்ணன் அதற்குள் வந்துவிட்டார். நேராக வந்து கணவரின் சட்டையைப் பிடித்தார். "வாய் நிறைய மாப்பிள்ளைன்னு கூப்பிட்டேனேடா!" ஏட்டு குறுக்கே புகுந்து பிரித்துவிட்டார். கணவர் தடுக்கவும் இல்லை, திமிறவும் இல்லை.

அண்ணன் தன் போனை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "இதைப் பாருங்க மேடம். என் தங்கச்சி எழுதினது."

விளையாட்டுகள் வெளியாகும் தளத்தில், ஆடியவர்கள் கருத்து எழுதும் பக்கம். 'ரெட்டை வால்' என்ற பெயரில், 7.58க்குப் பதிவு:

'நாலாம் பாகம் முடிச்சாச்சு. சிரிப்பு இருக்கு. ஆனா அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஏமாத்திட்டீங்க. பத்துக்கு ஆறு.'

7.48க்குக் கணவர் கேட்டைத் தாண்டுகிறார். 7.58க்கு அவள் எழுதுகிறாள். 8.02க்கு அவள் இல்லை.

"உயிரோட இருந்தவளைத்தான் இவன் வந்து பார்த்திருக்கான்" என்றார் அண்ணன்.

கணவர் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். "முடிச்சிட்டாளா?" என்றார். "நான் இல்லாமலா?"

அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள்.

மறுநாள், காலை 10.00.

'ரெட்டை வால்' என்பது உண்மையில் இரண்டு பேர். கல்லூரிக் காலத்திலிருந்து அவளும் ஒரு சிநேகிதியும். ஒருத்தி டைப் அடிப்பாள், மற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு, இந்த ஒரு வருஷமாக அவள் மட்டும்தான் எழுதுகிறாள். இதைக் கணவர் சொன்னார்.

சிநேகிதி மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். முகம் வீங்கியிருந்தது. காதில் மாட்டிய கருவியைக் கழற்றாமலே பேசினாள்.

"அவ வீட்டுக்கார அண்ணா அப்படிப்பட்டவர் இல்லை மேடம். ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டார்."

"நேத்து அவளைப் பார்த்தீங்களா?"

"இல்லை. ஆறரைக்கு ட்யூட்டி. நேரா இங்க வந்துட்டேன்."

"நாலாம் பாகம்?"

"இன்னும் பார்க்கலை. இனிமே எங்க..."

"அந்தக் கணக்கோட பாஸ்வேர்டு தெரியுமா?"

"அப்போ தெரியும். இப்போ மாத்தியிருப்பா."

ஆறரையிலிருந்து அவள் இருக்கையில் இருந்ததற்குச் சாட்சி இருந்தது. இடையில் பத்து நிமிஷம் டீ குடிக்கப் போனது மட்டும்தான். அந்தக் கருத்து எந்தப் போனிலிருந்து போடப்பட்டது என்று தளத்துக்காரர்களிடம் கேட்டு எழுதியிருந்தார்கள். வெளிநாட்டுத் தளம். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம்.

அதுவரை கணவர் உள்ளேதான் இருந்தாக வேண்டும்.

பகல் 2.00.

லேப்டாப்புக்கு சார்ஜ் ஏற்றித் திறந்தார்கள். விளையாட்டு, கடைசியாகப் பதில் கேட்ட இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது. மூடிய கதவு ஒன்று, மூன்று முறை தட்டியாயிற்று என்ற வசனத்தோடு. கீழே மூன்று பதில்கள்: மறுபடி தட்டு. குரல் கொடு. திரும்பிப் போ.

"இதுதான் அந்தக் கதவா?" என்றார் ஏட்டு.

"மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க? படிங்க."

ஏட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குற்றப்பத்திரிகை வாசிக்கும் குரலில் படித்தார்.

"'மூணாம் பாகத்துல மாடிவீட்டு அத்தையோட சிநேகமாகணும்னா அவங்க பூனைகிட்ட மன்னிப்பு கேட்கணும். பூனை மன்னிக்கலை. பத்துக்குப் பத்து.' இது பழசு மேடம்."

"நாலாம் பாகம்."

"'சிடுமூஞ்சி வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி விரல் வீங்கினதுதான் மிச்சம்.' 'பின்பக்கமா ஏறிக் குதிக்க வழி இருக்கா?' 'தட்டினேன், கத்தினேன், திரும்பினேன். மூணுலயும் திறக்கலை. என் மாமியார் வீடு மாதிரியே இருக்கு.'" ஏட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எல்லாரும் அதையேதான் மேடம் சொல்றாங்க. நூறு பேர் இருக்கும். ஒருத்தருக்கும் திறக்கலை."

"ஒருத்தருக்கும்?"

"ஒருத்தருக்கும்."

இன்ஸ்பெக்டர் வாக்குமூலக் கட்டைப் புரட்டினார். ஆம்புலன்ஸ் உதவியாளருடையதை எடுத்தார். 'வீடியோ காலில் யாரோ பனியனோடு கதவைத் திறந்துகொண்டு நின்றார்...' போனில் கூப்பிட்டார்.

"அந்த வீடியோ கால் ஆள். நல்லா பார்த்தீங்களா?"

"அவசரத்துல பார்த்தது மேடம். வெளிய வந்தப்புறம்தான் நினைச்சேன், அது மனுஷன் இல்லை, பொம்மை. வாயில பல் தேய்க்கிற பிரஷ் இருந்துச்சு. வெட்கமாப் போச்சு, அதான் சொல்லலை."

"கதவு?"

"நல்லா விரியத் திறந்திருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். லேப்டாப்பை மேசையின் நடுவில் இழுத்துப் போட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன மேடம் பண்ணப் போறோம்?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லை. அதைத் தொடாதீங்க."

முதல் கால்மணி நேரம் ஏட்டு பொறுத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "கொசு உட்கார்ந்திருக்கு மேடம். திரையில. அடிக்கலாமா?"

"கூடாது."

"அது பாட்டுக்கு நடக்குதே?"

"நடக்கட்டும்."

டீ வந்து ஆறிப்போனது. ஏட்டு ஒருமுறை தூங்கி விழுந்து எழுந்தார். சுவர்க் கடிகாரத்தில் முழுதாக ஒரு மணி நேரம் ஆனபோது, தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது.

கதவு திறந்தது. பனியனும் பல் பிரஷுமாக ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். கீழே வசனம் வந்தது:

'இன்னும் நிக்கிறியா? எல்லாரும் போயிடுவாங்களே. இரு, சட்டை போட்டுட்டு வரேன்.'

ஏட்டு கொசுவை மறந்துவிட்டார்.

மாலை 5.00.

சிநேகிதியை வரவழைத்திருந்தார்கள். அண்ணனும் இருந்தார். லேப்டாப் மூடியிருந்தது.

"சின்ன உதவி" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்களுக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிபடலை. உங்களுக்குப் பழக்கம்."

"சொல்லுங்க மேடம்."

ஏட்டு தலையைச் சொறிந்தார். "அது ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பொண்ணு மாடிப்படிகிட்டயே நிறுத்திட்டாங்கபோல. மேல எப்படிப் போறதுன்னு..."

"இல்லை சார், கதவுகிட்டதான். மூணாவது தடவை தட்டினப்புறம்தான் நிறுத்தினா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நாலாம் பாகத்தை நீங்க பார்க்கலை" என்றார் இன்ஸ்பெக்டர். "அவளையும் நேத்து பார்க்கலை. அவ எழுதினதா இருக்கிற கருத்துல முடிச்சாச்சுன்னு இருக்கு. மூணாவது தட்டல்ல அவ நிறுத்தினது இந்த லேப்டாப்புக்குத் தெரியும். அதைத் திறந்து பார்த்த எனக்கும் ஏட்டுக்கும் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிநேகிதி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"நான் சொல்றேன். அந்தக் கதவு திறக்கும். ஒரு மணி நேரம் யாரும் எதையும் தொடாம இருந்தா திறக்கும். ஆடுறவங்க யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. அதான் ஒருத்தருக்கும் திறக்கலை. நேத்து எட்டே காலுக்கு ஆம்புலன்ஸ்காரர் பார்த்தப்போ திறந்திருந்துச்சு. அப்படின்னா ஏழே காலுக்கு முன்னாடியே அவ கை அதைவிட்டு நகர்ந்திருக்கு. மேல ஒரு அடிகூடப் போகலை. முடிக்காத ஒருத்தி, முடிச்சேன்னு எதுக்கு எழுதணும்? அவ எழுதலை."

"அப்ப அவன் எழுதியிருக்கலாமே?" என்றார் அண்ணன்.

"கொன்னவர், தான் வீட்டுல இருந்த நேரத்துல அவ உயிரோட இருந்தான்னு காட்டுற மாதிரியா எழுதுவார்? எழுதினவங்களுக்கு அவர் பத்து மணிக்குத்தான் வருவார்னு நினைப்பு. பாஸ்வேர்டும் தெரியும். மத்தவங்க கருத்தைப் பார்த்து நாலு வார்த்தை எழுத, எட்டு மணி வாக்குல டீ குடிக்கப் போன பத்து நிமிஷம் போதும்." சிநேகிதி பக்கம் திரும்பினார். "நீங்கதான்."

அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். கருவி அங்கே இல்லை.

"நான் அண்ணாவை மாட்டிவிட நினைக்கலை" என்றாள். "நான் ட்யூட்டில இருக்கும்போது அவ தனியா வழுக்கி விழுந்த மாதிரி இருக்கட்டும்னுதான்."

"என்ன நடந்துச்சு?"

"அஞ்சரைக்குப் போனேன். புது விளையாட்டு எது வந்தாலும் நாங்கதான் முதல்ல ஆடுவோம். முன்னாடியெல்லாம். அவ பாதி ஆடிட்டு இருந்தா. பக்கத்துல உட்கார்ந்தேன். நல்லாத்தான் சிரிச்சிட்டு இருந்தோம். கதவு வந்துச்சு. குரல் கொடுடின்னேன். மாட்டேன், அவர் வரட்டும்னா. பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பியா, ஒரு பட்டனுக்குன்னேன். ஆமான்னா." மூச்சு வாங்கினாள். "நானே அழுத்தப் போனேன். கையை வெச்சு மறைச்சா. சிரிச்சுக்கிட்டேதான் மறைச்சா. எனக்குத்தான்... கையைப் பிடிச்சுத் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான் மேடம்."

"மூச்சு இருந்துச்சா?"

"பார்க்கலை."

"நாள் முழுக்க ஆம்புலன்ஸுக்கு லைன் போட்டுக் கொடுக்கிற வேலை உங்களுது."

சிநேகிதி மூடிய லேப்டாப்பைத் தன்னிடமிருந்து தள்ளிவைத்தாள்.

"அந்தப் பட்டனை அழுத்தினீங்களா?"

"இல்லை. தொடாமலே வந்துட்டேன்."

மாலை 6.30.

கணவரை வெளியே விட்டார்கள். அண்ணன் வாசலில் நின்றிருந்தார். "மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. கணவர் அவர் தோளைத் தொட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வழியில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சொன்னார். கதவைப் பற்றியும் சொன்னார். கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"திறந்ததை அவ பார்த்தாளா?"

விழுந்த பிறகு அரைமணி நேரம். கதவுக்கு ஒரு மணி நேரம். இன்ஸ்பெக்டருக்குக் கணக்குத் தெரியும்.

"இல்லை."

கணவர் தலையசைத்தார். "லேப்டாப்?"

"வழக்கு முடியுற வரைக்கும் எங்ககிட்ட இருக்கணும். சட்டை போட்டுட்டு வந்தப்புறம் அந்த ஆள் என்ன பேசுறான்னு நாங்க பார்க்கலை. அங்கேயே நிறுத்திட்டோம்."

"நல்லது" என்றார்.

வீட்டு முன்னால் இறங்கி மாடியேறினார். ஜீப்பிலிருந்து பார்த்தால் இரண்டாம் மாடி நடை தெரியும். அவர் கதவருகே போனார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். சற்று நேரம் அதைப் பார்த்தார். பிறகு சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மற்றக் கையால் தட்டினார்.

நின்றார்.

"கிளம்பலாமா மேடம்?" என்றார் ஏட்டு, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி.

"கொஞ்சம் இருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு என்ஜினை அணைத்தார்.