மூத்தவளின் ஹெட்போன்

ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய் டீ போட்டு, அதை நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தாள். மீட்டரின் முள் இறங்கவே இல்லை. ஐந்நூற்று எண்பது வோல்ட்டில் அப்படியே நின்றது.

இறங்கியிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும், அசந்து தொட்டால் ஆளையே தூக்கி அடிக்கும். அது வடிந்து போவதற்கென்றே இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டிருந்தாள். போர்டில் முதலில் ஈயம் வைத்துப் பற்றவைத்ததே அவற்றைத்தான். இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பற்று நன்றாக இருந்தது. ரெசிஸ்டரும் சரியாக இருந்தது. போதாததற்குத் தேங்கியதை மீட்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். எங்கிருந்து வருகிறது இந்த மின்சாரம்? சுவரில் பிளக் இல்லை. உள்ளே பேட்டரி இல்லை. ஆம்ப்ளிஃபயரின் மறுமுனையில் அந்த ஹெட்போன் மட்டும் செருகியிருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஹெட்போன் மூத்தவளுடையது. கணவனின் முதல் மனைவி. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவள், காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. பரணை ஒழித்தபோது கிடைத்ததென்று நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணியோடது. தூக்கிப்போட மனசு வரல" என்றாள். அவளைப் பொறுத்தவரை அண்ணி என்றால் செத்துப்போனவள்தான். உயிரோடு எதிரில் நின்று காபி கொடுப்பவள் 'இவங்க'.

கணவன் அதை எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! பிறந்த குழந்தையைக்கூட யாரும் அப்படி ஏந்தமாட்டார்கள். இரண்டு பெரிய கிண்ணங்கள், அவற்றில் பொத்தல் போட்ட உலோகத் தகடுகள், தகடுகளுக்கு நடுவே மூச்சுவிட்டால் நடுங்கும் ஒரு மெல்லிய தோல். சாதாரண ஹெட்போனைப்போல இதைப் பாட்டுப்பெட்டியில் நேராகச் செருக முடியாது. அந்தத் தோலுக்கு நூற்றுக்கணக்கில் வோல்ட் ஏற்றி வைத்தால்தான் அது பாடும். அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். மூத்தவளிடம் இருந்தது எங்கே போனதென்று தெரியவில்லை.

"உன்னால ஒண்ணு பண்ண முடியுமா?" என்று கேட்டான்.

அவள் ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவளிடம் அவன் ஆசையாகக் கேட்ட முதல் விஷயம் அது. அதுவும் எவளுக்காகக் கேட்டான், பாருங்கள்!

பண்ணினாள். டிரான்ஸ்ஃபார்மரைக் கையாலேயே சுற்றினாள். பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் ஓடும்படி, ஒரு செங்கல்லில் பாதி அளவு அலுமினியப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கினாள். பட்டறையில் ஒரு பயலுக்கும் அவ்வளவு கச்சிதமாக வராது. கொண்டுபோய்க் கொடுத்தால் பெட்டியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை அவன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த அறைதான். கதவு பாதி சாத்தியிருக்கும். உள்ளே அவன் மெதுவாகச் சிரிப்பது கேட்கும். அவளோடு இருக்கும்போது சிரித்தே அறியாத மனிதன்! பாட்டைக் கேட்டு யாராவது சிரிப்பார்களா? நேற்று மாலை துணி மடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். ஹெட்போன் தலையில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் விளக்கு எரிந்தது. பாட்டுப்பெட்டியிலிருந்து வர வேண்டிய ஒயர் மட்டும் எதிலும் செருகப்படாமல் மேஜைமேல் சுருண்டு கிடந்தது.

அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். எதிரே இருப்பவர் சொல்வதற்கெல்லாம் 'ம்' கொட்டுகிறவனைப்போல.

அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டு அவன் ஆபீஸ் போனதும் பெட்டியைத் திறந்தாள். திறந்து என்ன பயன்? மதியத்திலிருந்து மழை. அறைக்குள் ஈயம் உருகிய வாடையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து நின்றன. முள் அசையவில்லை. பட்டறை சீனியருக்குப் போன் போட்டாள்.

"சார், பவரை எடுத்தும் வோல்ட்டேஜ் இறங்கவே மாட்டேங்குது."

"மீட்டரை மாத்திப் பாரும்மா. எதுல பாக்கற?"

சொன்னாள். யாருடைய ஹெட்போன் என்பதையும் சொன்னாள். அவர் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். "மூத்தாள் சமாச்சாரமா? அவ்ளோ சீக்கிரம் எறங்கிடுவாளா!" பிறகு, "ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அந்தத் தோல் பாடறது மட்டும் இல்ல. சார்ஜ் ஏத்திட்டா பக்கத்துல நடக்கற சத்தத்தையும் வாங்கிக்கும். மைக்கும் இதே சங்கதிதான். அது முன்னாடி என்னைத் திட்டிவெக்காத" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அது இந்த வீட்டில் இருக்கிறது. படுக்கையறைக்கும் இந்த அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான்.

எடுத்து மாட்டிக்கொண்டாள். காது மெத்தைகளில் கணவனின் தலை எண்ணெய் வாசம். அதற்கு அடியில் வேறொரு வாசமும் இருந்தது, பெண்கள் போடும் பவுடர் வாசம், அவள் வாங்காத பவுடர்.

முதலில் ஒன்றுமில்லை. மழைச் சத்தம் தள்ளிப் போயிற்று. பிறகு அடியில் ஒரு முனகல் கேட்டது. கரண்ட் லைன் இரைச்சல், எர்த் சரியில்லை என்று கை தானாக ஒயரைத் தேடியது. ஆனால் பிளக்தான் தரையில் கிடக்கிறதே. முனகல் கொஞ்சம் ஏறிற்று, இறங்கிற்று, ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டது. ஒருத்தி வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தபடியே ஏதோ மெட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்து கேட்கவில்லை. தாலாட்டும்போது தாய் குழந்தையின் தலையில் வாய் வைத்து முனகுவாளே, அந்த நெருக்கம்.

மெட்டு நின்றது.

"சனியன். போயும் போயும் ஒரு செத்தவளுக்கு நான் பொட்டி பண்ணிக் குடுக்கறேன்."

அவளுடைய வார்த்தைகள். போன வாரம் இந்த மேஜையில் பற்றவைத்துக்கொண்டே தனக்குள் முணுமுணுத்தவை. வீட்டில் அப்போது ஒருவரும் இல்லை. அந்த வார்த்தைகளை வேறொரு குரல் இப்போது நிதானமாக, சிறு சிரிப்போடு, ஒப்பித்துக் காட்டியது.

கழற்றி வீசியிருக்க வேண்டும், வாசலுக்கு ஓடியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு! அந்தச் சிரிப்புக்குத்தான் அவன் தினமும் பதில் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் ஆக்கி வைத்த சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, அவள் செய்து கொடுத்த பெட்டியில், அவள் சுற்றிய கம்பியில், மூத்தவள் அவனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். வயிறு எரிந்தது. எரிச்சலில் பயம் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொண்டது.

"இரு. உன்னைப் பொசுக்கறேன்" என்று வாய்விட்டே சொன்னாள்.

எப்படிப் பொசுக்குவது என்று அவளுக்குத் தெரியும். வோல்ட்டைத் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றினால் தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே பொறி பறக்கும். ஒரு பொத்தல் விழுந்தால் போதும், அப்புறம் எந்தக் காலத்திலும் பாடாது. பழைய சாமான், தானாகப் போய்விட்டது என்று அவனிடம் சொல்லிக்கொள்ளலாம். பொறி பலமாக விழட்டும் என்று, காதைக் காப்பதற்காகப் போட்டிருந்த ரெசிஸ்டரைக் கட்டரால் வெட்டி எறிந்துவிட்டு ஒயரை நேராக இணைத்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர் யாரும் அதைச் செய்துவிட்டு ஹெட்போனைத் தலையில் வைத்திருக்க மாட்டார்கள். அவள் வைத்திருந்தாள். மூத்தவள் சாகும் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும் என்றிருந்தது.

பிளக்கைச் செருகினாள். ஸ்க்ரூடிரைவரால், வோல்ட்டை ஏற்றும் சின்னத் திருகைத் திருப்பினாள். அறுநூறு. அறுநூற்று ஐம்பது. எழுநூறு.

பொறி வரவில்லை. மூச்சுச் சத்தம் வந்தது. திருகு ஏற ஏற அது தெளிவாயிற்று. நாக்கு உதட்டை ஈரப்படுத்துவது கேட்டது. வளையல் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. வோல்ட் ஏறினால் தோலுக்கு உயிர் கூடும். அவளுக்கு அது தெரிந்ததுதான். கோபத்தில் யோசிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றது குரல்.

கை நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? அவரு வர்ற நேரமாச்சு."

அவரு. அந்த ஒரு சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எவ்வளவு உரிமை! "ஏத்தறேன்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருகை முட்டும்வரை திருப்பினாள்.

இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் பளீரென்று அடித்தது.

இருட்டு.

வலி இல்லை. கை எங்கே என்று தேடினாள். இல்லை. கண்ணைத் திறக்கப் பார்த்தாள், திறப்பதற்கு இமை இல்லை. இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர். நடுவில் இழுத்துக் கட்டியதுபோல அவள். மழை பெய்வது கேட்டது. ஒவ்வொரு துளிக்கும் அவள் முழுக்க நடுங்கினாள்.

அருகில் ஒருத்தி நீளமாக மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு யாரோ அவளைத் தூக்கினார்கள். முடி உரசுகிற சத்தம், இடி மாதிரி. மேஜைமேல் வைத்தார்கள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. செருப்பு நடந்து போனது. இடது கால் லேசாகத் தேயும் நடை.

அவளுடைய சொந்த நடை.

சமையலறையில் குழாய் திறந்தது. முகம் கழுவும் சத்தம். வாயை மூடிக்கொண்டு முனகும் அந்த மெட்டு. ஆனால் முனகுவது அவளுடைய தொண்டை.

'அது நான் இல்ல' என்று கத்தினாள். கத்தியது எங்கும் போகவில்லை.

வாசல் கதவு திறந்தது. குடையை உதறினான்.

"வந்துட்டீங்களா? நனைஞ்சுட்டீங்களே. தலையைத் துடைச்சுக்குங்க முதல்ல."

அவள் குரல்தான். அவ்வளவு குழைவாக அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

"என்ன, இன்னிக்கு ஒரு மாதிரி இருக்க?"

"ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாதான் இருக்க" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். மனசுவிட்டுச் சிரித்தான்.

மூன்று வருடம் அவள் காத்திருந்த சிரிப்பு. சுவரைத் தாண்டி, மழையைத் தாண்டி, ஒரு பிசிறுகூட இல்லாமல் முழுசாக வந்து அவள்மேல் விழுந்தது. அவள் அதிர்ந்தாள். அதிர்வதைத் தவிர அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

காலடி அறைக்குள் வந்தது. அவன். அவளைக் கையில் எடுத்தான். மாட்டிக்கொண்டான். காது வந்து ஒட்டியது, சூடாக. அவன் நாடி ஓடுவது கேட்டது. அவன் எச்சில் விழுங்குவது கேட்டது. ஒரே படுக்கையில் படுத்தும் இவ்வளவு கிட்டத்தில் அவன் வந்ததே இல்லை. என்னங்க, என்றாள். என்னங்க, நான்தான். உள்ள இருக்கேன். நான்தாங்க. அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு மெல்லிய தோல். அது கிழிந்தால் கிழியட்டும் என்று கத்தினாள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"என்னங்க, வேலை செய்யுதா?" அறை வாசலில் அவளுடைய குரல்.

"ஒண்ணும் வரலியே. யாரோ ரொம்பத் தூரத்துல அழற மாதிரி... இல்ல, மழைதான்."

"பழசு. போயிருக்கும். விடுங்க, அதான் நான் இருக்கேன்ல."

அவன் மறுபடி சிரித்தான். காது விலகியது. மேஜைமேல் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே படுக்கையறைக்குப் போனார்கள். கதவு சாத்துவது கேட்டது. சுவர் மெல்லியது. வளையலைக் கழற்றி வைக்கும் சத்தம்கூட அவளுக்குத் தெளிவாகக் கேட்டது, அதற்குப் பிறகு நடந்ததும்.