பிஸ்கட் டின்னில் வந்த வெள்ளி

சரளாவின் மோதிரத்திலும் அதே புடைப்பு இருந்தது.

வாளித் தண்ணீரில் பிளாஸ்டர் புஸ்ஸென்று கரைந்து விழ, தனேஸ்வரன் குறடால் மோதிரத்தை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். வளையத்தின் மேல்பக்கம் பாதிப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு, அதன் நடுவில் குறுக்காக ஒரு கோடு. காலையில் இன்னொரு மாணவன் தௌஃபிக்கின் மோதிரத்திலும் இதேதான். மெழுகில் செய்தபோது இரண்டும் வழவழவென்றுதான் இருந்தன.

"மெழுகைக் கையில வச்சு நசுக்கிக்கிட்டே இருந்தா இப்படித்தான் வரும்," என்றான். "இடியாப்பம் பிழியிற கையெல்லாம் வெள்ளி ஊத்த வந்தா வேற என்ன வரும்?"

"கடைசியா நீங்கதானேண்ணே தேய்ச்சுக் கொடுத்தீங்க," என்றாள் சரளா.

அது உண்மைதான். அதனாலேயே அவனுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

சனிக்கிழமைகளில் ஈப்போவின் சிலிபினில் அவன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நடக்கிற வார்ப்பு வகுப்பு இது. மெழுகில் உருவம் செய்து, பிளாஸ்டருக்குள் புதைத்து, சூளையில் வைத்தால் மெழுகு எரிந்து போய்விடும். அது விட்டுப்போன குழிக்குள் வெள்ளியை ஊற்ற வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதுகூடப் புரியாத ஜென்மங்கள் எதற்கு வருகின்றன என்று அவனுக்கு விளங்கவே இல்லை. சரளா பேங்க்கில் வேலை பார்க்கிறவள், போட்டோ எடுத்துப் போடத்தான் வருகிறாள். தௌஃபிக்குக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. வெள்ளி பதமாகிவிட்டதா பார் என்றால், குழம்புச் சட்டியை எட்டிப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். சூட்டை அளக்க ஊரெல்லாம் மீட்டர் வைத்திருக்கிறார்கள். தனேஸ்வரன் வைத்துக்கொள்ளவில்லை. மூசைக்குள் உருகிக் கிடக்கும் வெள்ளியின் நிறத்தைப் பார்த்தே ஊற்றும் நேரத்தைச் சொல்லிவிடுவான். ஈப்போவில் அப்படிச் சொல்ல வேறு ஆளே இல்லை என்று அவனுக்கு ஒரு திமிர். அந்தக் கண் போனால் தன்னிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தவன் மாமன் மகன் தேவன். செமோர் பக்கம் அவர்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டதும், அங்கிருந்த மாரியம்மன் கோயிலைப் புந்தோங்குக்கு மாற்றினார்கள். நோவு கண்ட உறுப்பை வெள்ளித் தகட்டில் வெட்டி அம்மனுக்குப் போடுவது தோட்டத்து வழக்கம். அப்படிச் சேர்ந்த கண், கை, கால், வயிறு எல்லாம் ஒரு பிஸ்கட் டின் நிறைய வந்தது.

"இத உருக்கி ஆத்தாளுக்கு ஒரு குங்குமக் கிண்ணம் ஊத்திக் கொடு மச்சான்," என்றான் தேவன். "வேற எதுக்கும் எடுத்துடாத. போட்டவங்க நோவெல்லாம் அவ இதுலதான் வாங்கி வச்சிருக்கா."

"நோவாவது ஒண்ணாவது. நல்ல வெள்ளி லா இது," என்று சிரித்தான் தனேஸ்வரன். கோயிலுக்குப் பித்தளையில் ஒன்று ஊற்றி வெள்ளி முலாம் பூசிக் கொடுத்தால் போகிறது. சாமிக்கு என்ன உரசிப் பார்க்கவா தெரியும்? தகடுகளை வகுப்புக்கு வைத்துக்கொண்டான். இரண்டு மோதிரமும் அதில் ஊற்றியவைதான்.

டின்னுக்குள் ஆணியால் 'த' என்று கீறிய ஒரு ஜோடிக் கண்ணும் இருந்தது. அது அவனுடையது. ஐந்து வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் ஒட்டிப்போனபோது அவன் அம்மா நேர்ந்து போட்டது. கண்ணைத் திறந்துவிட்டது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் விட்ட சொட்டு மருந்து, பேரைத் தட்டிக்கொண்டு போனது மாரியம்மன். கிண்ணத்துக்கு வெள்ளி போட்டபோது மூசையில் முதலில் அதைத்தான் எறிந்தான்.

மத்தியானம் கிண்ணம் ஊற்றுகிற பாடம். மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரையில் இரைந்தது. மூசையில் வெள்ளி உருக உருக, வெண்காரப் புகையோடு இன்னொரு வாசனையும் எழுந்தது. முதலில் ரப்பர் மரத்தின் புளித்த கித்தாப் பால், பிறகு அரைத்த வேப்பிலையும் மஞ்சளும், தோட்டத்து லயத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தி அவனைப் படுக்க வைத்திருந்த அந்த அறையின் வாசனை.

"யாரு வேப்பிலையைத் தடவிக்கிட்டு வந்தது?"

தௌஃபிக் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

இமை அரித்தது. தேய்த்தான். விரலில் பொருக்குப் பொருக்காக ஏதோ ஒட்டியது. பிளாஸ்டர் தூளாக இருக்கும் என்று கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். மூசையின் மூடியைத் தள்ளினான். வெள்ளி பளபளவென்று புரள வேண்டும். மங்கிக் கிடந்தது.

"பாய், லைட்டப் போடு."

"எரியுதே மாஸ்டர்."

"இன்னொண்ணையும் போடு."

"ரெண்டும்தான் எரியுது."

கரண்ட்டைத் திட்டினான். மழையைத் திட்டினான். மணி மூன்றுகூட ஆகவில்லை. ஜன்னல் பழுப்பாகத் தெரிந்தது. அப்புறம் ஜன்னல் தெரியவில்லை. மூசை மட்டும் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றது.

"அண்ணே, உங்க கண்ணு..." என்றாள் சரளா.

"ஊத்துறப்ப பேசாத."

இதுகள் முன்னால் தடவிக்கொண்டு நிற்பதா? செத்தாலும் மாட்டான். குறடால் மூசையைத் தூக்கினான். சூடு முகத்தில் அடித்தது. பழகிய கை தானாகச் சாய்ந்தது. வெள்ளி குழிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு சிவப்பும் அணைந்தது.

பட்டப்பகலில் இருட்டு.

அப்போதுதான் பயந்தான். அம்மா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். வெள்ளி இறுகட்டும் என்று மேசையைப் பிடித்தபடி நின்றான்.

"தண்ணியில போடு பாய்."

புஸ்ஸென்றது. பிளாஸ்டர் உதிர்ந்தது. பிறகு மழை மட்டும்தான் கேட்டது.

"எப்படி வந்திருக்கு?"

மேசை விளிம்பைத் தட்டினான்.

"கேக்குறேன்ல."

"அக்கா, அதப் பாக்காதீங்க," என்றான் தௌஃபிக். "வாங்க, போயிடலாம்."

சரளாவின் அழுகை. நாற்காலி விழுந்தது. கதவு அடித்துக்கொண்டது.

கோழைகள். ஒரு கிண்ணத்தைப் பார்த்து ஓடுகிற கோழைகள்.

வாளியைத் தடவிக் கண்டுபிடித்தான். கிண்ணத்தை எடுத்தான். இளஞ்சூடு. வெளிப்பக்கம் வழவழப்பு. உள்ளே விரலை விட்டான். ஒரு புடைப்பு. பக்கத்தில் இன்னொன்று. சுற்றிலும். ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு. அடியில், நடுவாக, ஒரு ஜோடி. கட்டைவிரல் பட்டது.

கோடு பிரிந்தது.

வெளிச்சம்.

தெரிந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே கூரையில் இரண்டு லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. அவற்றை மறைத்தபடி ஒரு பெரிய முகம் குனிந்திருந்தது. அவனுடைய முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல், திறந்த சுவடே இல்லாமல்.

சுற்றிலும் மற்ற கோடுகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தான். வெள்ளி இமை இறங்கவில்லை. மேலே இருந்த முகம் வாயைத் திறந்தது. நகத்தில் பிளாஸ்டர் ஒட்டிய கட்டைவிரல், தடவித் தடவி, அவனை நோக்கி இறங்கி வந்தது.